ஜெர்மனிக்குப் போகும் சபையாருக்கு: எந்தக் கட்டத்தில் என்ன எழுதுவது

என் முதல் சம்பளச் சீட்டை நான்கு முறை படித்தேன். வருமான வரி, ஓய்வூதியக் காப்பீடு, மருத்துவக் காப்பீடு எல்லாம் எதிர்பார்த்தவைதான். அவற்றுக்கு நடுவே ‘கிர்ஷென்ஷ்டாயர்’ என்று ஒரு வரி இருந்தது; 46 யூரோ பிடித்திருந்தார்கள். பக்கத்து மேசைக்காரரிடம் கேட்டேன். “நீங்கள் கிறிஸ்தவரா?” என்றார். “ஆமாம்” என்றேன், சற்றுப் பெருமையோடு. “அதற்குத்தான்” என்றார்.

அது சபை வரி. ஜெர்மனிக்கு வந்த முதல் வாரத்தில், பதிவுப் படிவத்தில் மதம் என்ற கட்டத்தில் யோசிக்காமல் நான் எழுதிய ஒற்றைச் சொல்லின் விலை. அதைப் போல இன்னும் பல கட்டங்களில் தப்பும் தவறுமாக எழுதி, திருத்தி, கட்டணம் கட்டிக் கற்றுக்கொண்டவை கீழே இருக்கின்றன. ஷ்டுட்கார்ட்டுக்கு அருகே ஒரு சிற்றூரில் ஆறு வருடங்களாகக் குடும்பத்தோடு இருக்கிறோம். மாதம் இருமுறை தமிழ் ஆராதனை நடத்தும் சிறு கூட்டத்தில் நானும் ஒருவன். போதகர் அல்ல, நாற்காலி போடுகிறவன், கணக்கு எழுதுகிறவன். பாடன்-வுர்ட்டெம்பெர்க் மாநிலத்து நடைமுறையைத்தான் சொல்கிறேன். வேறு மாநிலத்துக்குப் போகிறவர்கள் கட்டணங்களையும் அலுவலகங்களையும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

1. கிளம்புவதற்கு முன்: ஊரிலேயே முடிக்க வேண்டிய காகிதங்கள்

முதலில் திருமணச் சான்றிதழ். ஆலயத்தில் குருவானவர் கையெழுத்திட்டுக் கொடுத்த சான்றிதழ் ஒன்றை மட்டும் பையில் வைத்துக்கொண்டு கிளம்பாதீர்கள். தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டின் திருமணப் பதிவுச் சட்டப்படி எந்த மதத் திருமணமும் அரசுப் பதிவு அலுவலகத்தில் பதிவாக வேண்டும். 90 நாட்களுக்குள் பதிவது முறை. விசாவுக்கும் இங்குள்ள அலுவலகங்களுக்கும் அந்த அரசுச் சான்றிதழ்தான் கைகொடுக்கும். ஆலயச் சான்றிதழையும் எடுத்து வாருங்கள். அது சபைக்கு உதவும்.

இரண்டாவது, பெயர். நம்மில் பலருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அப்பா பெயரின் முதலெழுத்துதான். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருந்தால் இங்கே உங்கள் முழுப் பெயரையும் குடும்பப் பெயராக ஏற்றி, சொந்தப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் கோடு போட்டுவிடுவார்கள். பிறகு வங்கி அட்டை, காப்பீட்டு அட்டை, பிள்ளையின் பள்ளிச் சேர்க்கை எல்லாவற்றிலும் அந்தக் கோடு கூடவே வரும். பள்ளிச் சான்றிதழில் ஒரு பெயரும் ஞானஸ்நானச் சான்றிதழில் இன்னொரு பெயரும் உள்ளவர்களுக்கு வேதனை இரட்டிப்பு. பாஸ்போர்ட்டில் பெயரை இரண்டாகப் பிரித்து எழுதுவதை ஊரிலேயே முடித்துவிடுங்கள். எல்லாக் காகிதங்களிலும் அதே பிரிப்பு, அதே எழுத்துகள் இருக்கட்டும்.

மூன்றாவது, அப்போஸ்டில்: ஓர் ஆவணத்தை வெளிநாட்டில் ஏற்பதற்காக நம் அரசு போடும் முத்திரை. ‘ஐரோப்பாவுக்குப் போகிறீர்களா, எல்லாவற்றுக்கும் அப்போஸ்டில் போட்டுவிடுங்கள்’ என்று முகவர்கள் சொல்வார்கள். அந்த முத்திரையை ஏற்கும் நாடுகளின் ஒப்பந்தத்தில் இந்தியா சேர்ந்தபோது ஜெர்மனி ஆட்சேபம் தெரிவித்தது. ஆகவே நம் பிறப்பு, திருமணச் சான்றிதழ்களில் இருக்கும் அப்போஸ்டிலை இங்கே ஏற்பதில்லை. தேவைப்பட்டால் இங்குள்ள அலுவலகமே இந்தியாவில் உள்ள ஜெர்மன் தூதரகம் வழியாக ஆவணத்தை நேரில் சரிபார்க்கச் சொல்லும். அதற்கு மாதங்கள் ஆகும். சில நூறு யூரோ செலவும் உங்களுடையது. அப்போஸ்டிலுக்கு நான் கொடுத்த பணம் போனது போனதுதான்.

சபைக் காகிதங்கள்: ஞானஸ்நானச் சான்றிதழ், திடப்படுத்தல் (ஞானஸ்நானம் பெற்றவர் விசுவாசத்தை உறுதிசெய்யும் சடங்கு) சான்றிதழ், உங்கள் சேகர (சபைகளின் தொகுதி) குருவானவரிடமிருந்து ஓர் அறிமுகக் கடிதம். மூன்றும் ஆங்கிலத்தில் இருக்கட்டும். தமிழில் இருந்தால் இங்கே பதிவுபெற்ற மொழிபெயர்ப்பாளரிடம் பக்கக் கணக்கில் கொடுக்க வேண்டும். எனக்குப் பக்கத்துக்கு 45 யூரோ ஆனது.

பின்னால் வரும் கணவனோ மனைவியோ பொதுவாக ஜெர்மன் மொழியில் ஏ1 என்ற தொடக்க நிலைத் தேர்வு எழுத வேண்டும். ப்ளூ கார்டு (உயர்தகுதி வேலைக்கு வருகிறவர்களுக்கான குடியிருப்பு அனுமதி) வைத்திருப்பவரின் துணைக்கு அந்தக் கட்டாயம் இல்லை. இல்லை என்றாலும் படித்துவிட்டு வரச் சொல்வேன். சென்னை மாக்ஸ் முல்லர் பவனில் உட்கார்ந்து படிக்கிற பொறுமை இங்கே குளிரில், கைக்குழந்தையோடு வராது.

2. முதல் இரண்டு வாரம்: பதிவும் மதக் கட்டமும்

வீட்டுக்குக் குடிபோன இரண்டு வாரங்களுக்குள் ஊர் அலுவலகத்தில் பெயரைப் பதிய வேண்டும். அன்மெல்டுங் என்பார்கள். பாஸ்போர்ட், விசா, திருமணச் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், இவற்றோடு வீட்டு உரிமையாளர் கையெழுத்திட்ட குடியேற்ற உறுதிச் சான்று. இந்தக் கடைசிக் காகிதத்தில்தான் பலர் திரும்பி வருகிறார்கள். வாடகை ஒப்பந்தத்தை நீட்டினால் ஏற்க மாட்டார்கள். தனிப் படிவம் வேண்டும். சாவி வாங்குகிற அன்றே கேட்டு வாங்கிவிடுங்கள். நேரம் பதிவு செய்வதற்கு இணையத்தில் மூன்று வாரம் கழித்துத்தான் இடம் காட்டினால் பயப்பட வேண்டாம். இரண்டு வாரத்துக்குள் நேரம் கேட்டதற்கான மின்னஞ்சலை வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது மதக் கட்டம். இதை இரண்டு முறை படியுங்கள்.

அந்தக் கட்டம் உங்கள் விசுவாசத்தைக் கேட்கவில்லை. அரசு வழியாக வரி வசூலிக்கும் சபைகளில் நீங்கள் உறுப்பினரா என்று மட்டும் கேட்கிறது. ரோமன் கத்தோலிக்கம் என்று எழுதினால் ‘ஆர்.கே.’, சீர்திருத்த சபை என்று எழுதினால் ‘ஈ.வி.’ என்று வரிக் கணக்கில் ஏறும். லுத்தரன் என்று எழுதினாலும் அதே கதைதான். பவேரியாவிலும் பாடன்-வுர்ட்டெம்பெர்க்கிலும் வரி 8 சதவீதம், மற்ற மாநிலங்களில் 9. இது சம்பளத்தில் 8 சதவீதம் அல்ல, வருமான வரியில் 8 சதவீதம். மாதம் 600 யூரோ வருமான வரி என்றால் சபை வரி 48 யூரோ. வருமான வரி கட்டாத மாணவருக்குச் சபை வரியும் இல்லை. கட்டிய சபை வரியை ஆண்டு வரிக் கணக்கில் கழிவாகக் காட்டலாம். கொஞ்சம் திரும்பி வரும்.

தென்னிந்தியத் திருச்சபையாரும் பெந்தெகொஸ்தே சபையாரும் இங்கு வந்து இறங்கிய அன்று எந்த ஜெர்மன் சபையிலும் உறுப்பினர் அல்ல. அந்தக் கட்டத்தில் ‘இல்லை’ என்று குறிப்பது சட்டப்படி உண்மையான பதில். அது கர்த்தரை மறுதலிப்பது ஆகாது. பேதுருவுக்குக் கூவியதுபோலச் சேவல் எதுவும் கூவாது. எங்கள் கூட்டத்தில் ஒரு தம்பி மனச்சாட்சி உறுத்தி ‘ஈ.வி.’ என்று எழுதினான். அப்படி எழுதிக் கொடுத்தாலே இங்குள்ள சீர்திருத்த சபையில் உறுப்பினராகச் சேர்ந்ததாக எடுத்துக்கொள்வார்கள். எனக்கும் அதுவே நடந்தது.

கத்தோலிக்கருக்கு நிலைமை வேறு. உலகின் எந்த மூலையில் ஞானஸ்நானம் பெற்றிருந்தாலும் இங்கே குடியேறியதும் நீங்கள் உறுப்பினர் என்பதே திருச்சபையின் நிலை. ‘இல்லை’ என்று எழுதுவது பொய்யாகிவிடும். பெர்லினில் புதிதாக வந்தவர்களுக்கு எங்கே, எப்போது ஞானஸ்நானம் பெற்றீர்கள் என்று தனிப் படிவமே வரும். பிற்பாடு தெரிய வந்தால் பழைய வருடங்களுக்கும் சேர்த்துக் கேட்கலாம்.

விலக நினைத்தால் இந்த மாநிலத்தில் ஷ்டாண்டெஸ்அம்ட் என்ற குடிமைப் பதிவு அலுவலகத்துக்கு நேரில் போக வேண்டும். நார்ட்ரைன்-வெஸ்ட்ஃபாலன் மாநிலத்தில் உள்ளூர் நீதிமன்றம், 30 யூரோ. பாஸ்போர்ட்டும் பதிவுச் சான்றும் போதும். ஆயருக்குக் கடிதம் எழுதினாலோ, ஆராதனைக்குப் போவதை நிறுத்தினாலோ விலகியதாகாது. விலகல் சான்றைச் சாகும்வரை பத்திரமாக வையுங்கள்; இருபது வருடம் கழித்தும் ஆதாரம் கேட்டிருக்கிறார்கள். கத்தோலிக்கர் இன்னொன்றையும் தெரிந்துகொண்டு கையெழுத்திடுங்கள்: ஜெர்மன் ஆயர்கள் 2012இல் வெளியிட்ட ஆணைப்படி விலகியவருக்கு நற்கருணை போன்ற திருவருட்சாதனங்கள் இல்லை, ஞானப் பெற்றோராக நிற்க முடியாது, திருச்சபை அடக்கமும் மறுக்கப்படலாம். வரியை மட்டும் விட்டுவிட்டுப் பூசையை வைத்துக்கொள்வது என்ற ஏற்பாடு இங்கே இல்லை.

நான் விலகவில்லை. தெரியாமல் சேர்ந்தேன், தெரிந்தே இருக்கிறேன். நாங்கள் பாடுகிற கூடத்துக்குக் கூரையும் ஹீட்டரும் அந்த வரியிலிருந்துதான் வருகின்றன என்பது என் கணக்கு. என் மைத்துனர் இந்தக் கணக்கை ஒப்புக்கொள்வதில்லை. அவர் ‘இல்லை’ என்று குறித்துவிட்டு அதே தொகையை ஊர் அனாதை இல்லத்துக்கு அனுப்புகிறார். இருவரும் ஒரே வரிசையில்தான் உட்காருகிறோம்.

பதிவு முடிந்த சில வாரங்களில் 11 இலக்க வரி எண் தபாலில் வரும். தபால் பெட்டியில் உங்கள் பெயர் ஒட்டியிருக்க வேண்டும். பெயர் இல்லாத பெட்டியில் தபால்காரர் கடிதம் போட மாட்டார். எண் வராமல் முதல் சம்பளம் போனால் மிக உயர்ந்த வரி வகுப்பில் பிடித்துவிடுவார்கள். பிறகு திரும்ப வரும் என்றாலும் அந்த மாதம் வாடகை கட்டுவது நீங்கள்தான்.

3. வீட்டில்

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வாடகை முன்பணம் அதிகபட்சம் மூன்று மாத அடிப்படை வாடகை. மூன்று தவணையாகக் கட்ட உங்களுக்கு உரிமை உண்டு. டிவி இல்லாவிட்டாலும் ஒவ்வொரு வீட்டுக்கும் மாதம் 18.36 யூரோ ஒலிபரப்புக் கட்டணம் உண்டு; கடிதம் வந்தால் மோசடி என்று கிழித்துப் போடாதீர்கள். நாட்டுப் பொதுப் போக்குவரத்துப் பயணச் சீட்டு 2023இல் 49 யூரோவில் தொடங்கியது, 2025இல் 58, 2026இல் 63. அது மாதச் சந்தா. நிறுத்த வேண்டுமானால் அந்த மாதம் 10ஆம் தேதிக்குள் சொல்ல வேண்டும். 11ஆம் தேதி சொன்னால் இன்னொரு மாதமும் கட்டுவீர்கள்.

இந்திய ஓட்டுநர் உரிமம் இங்கே குடியேறியதிலிருந்து ஆறு மாதம்தான் செல்லும். பிறகு எழுத்துத் தேர்வு, ஓட்டுத் தேர்வு இரண்டும் உண்டு. எழுத்துத் தேர்வை ஆங்கிலத்தில் எழுதலாம், தமிழில் இல்லை. எல்லாம் சேர்த்து ஆயிரக்கணக்கில் யூரோ. ஞாயிறு காலையில் சிற்றூர்களில் பஸ் இரண்டு மணிக்கொன்று என்பதால், ஆராதனைக்கு யார் யாரைக் காரில் ஏற்றி வருவது என்பது எங்கள் கூட்டத்தில் பிரசங்கத்துக்கு அடுத்த பெரிய விஷயம்.

இந்தப் பகுதிக்கு வருகிறவர்களுக்குக் கேர்வோகெ. அடுக்குமாடியில் வாரம் ஒரு குடும்பம் படிக்கட்டைப் பெருக்கித் துடைக்க வேண்டும். உங்கள் முறை வந்தால் கதவில் ஓர் அட்டை தொங்கும். குளிர்காலத்தில் வாசல் நடைபாதையின் பனியை அதிகாலையிலேயே தள்ளியிருக்க வேண்டும். அட்டையை அலட்சியம் செய்தவருக்கு அண்டை வீட்டு அம்மா ‘குட்டன் மோர்கன்’ சொல்வது நின்றுபோகும். ஞாயிற்றுக்கிழமை சுவரில் துளை போடுவது, புல் வெட்டுவது, கண்ணாடிப் பாட்டில்களைப் பொதுத் தொட்டியில் வீசுவது கூடாது. நம் ஊர் ஓய்வுநாள் கட்டுப்பாட்டைவிட இது கடுமை. இவர்களில் பாதிப் பேர் ஆலயத்துக்கும் போவதில்லை.

4. எந்த ஆலயம், பிள்ளைகளுக்கு என்ன

தமிழ்ச் சபையைத் தேடுவதற்கு முன் உங்கள் தெருவின் ஜெர்மன் சபைக்குப் போய் அறிமுகம் செய்துகொள்ளுங்கள். கொண்டு வந்த கடிதம் இங்கேதான் பயன்படும். ஷ்டுட்கார்ட்டைத் தலைமையிடமாகக் கொண்ட ஈ.எம்.எஸ். என்ற சபைகளின் கூட்டமைப்பில் வுர்ட்டெம்பெர்க் சபையும் உறுப்பு, நம் தென்னிந்தியத் திருச்சபையும் உறுப்பு. இதைச் சொன்னால் போதகர்களில் பலர் முகம் மலர்வதைப் பார்த்திருக்கிறேன். கத்தோலிக்கருக்குப் பிற மொழி அருள்பணி என்று மறைமாவட்டங்களே ஏற்பாடு வைத்திருக்கின்றன. நாட்டின் தமிழ்க் கத்தோலிக்கரை ஒரே இடத்தில் பார்க்க வேண்டுமானால் ஆகஸ்டில் கேவலார் மாதா திருத்தலத்துக்குத் தமிழர் யாத்திரை நடக்கும். இலங்கைத் தமிழர் குடும்பம் குடும்பமாக வருவார்கள், இந்துக்களும் வருவார்கள்.

பள்ளியில் மதப் பாடம் உண்டு. எந்த வகுப்பில் பிள்ளை உட்கார வேண்டும் என்று சேர்க்கைப் படிவத்தில் கேட்பார்கள். 14 வயதானதும் அதைப் பிள்ளையே தீர்மானிக்கலாம், உங்கள் கையெழுத்து தேவையில்லை. எட்டாம் வகுப்பில் திடப்படுத்தல் வகுப்பு ஆரம்பமாகும். ஒரு வருடம் ஓடும், முகாமும் உண்டு. ஞானஸ்நானம் பெறாத பிள்ளையும் சேரலாம், அந்த வருடத்திலேயே ஞானஸ்நானம் கொடுப்பார்கள். ‘ஊரில் போய்த் திடப்படுத்திக்கொள்ளலாம்’ என்று தள்ளிப்போட்ட குடும்பங்களில் அது நடந்ததை நான் இதுவரை பார்க்கவில்லை.

5. ஆராதனைக்குக் கூடம் கேட்பது

வீட்டில் பத்துப் பேர் கூடிப் பாடும்வரை பிரச்சினை இல்லை. பதினைந்து பேர், ஒரு கீபோர்டு, ஒரு தபேலா என்றானதும் கீழ்வீட்டுக்காரர் மணியடிப்பார். இரவு 10 மணிமுதல் காலை 6 மணிவரை ஓசை கூடாது. ஞாயிறு முழுவதும் அமைதி நாள். முழு இரவு ஜெபத்தை அடுக்குமாடியில் வைத்தவர்கள் வீட்டு உரிமையாளரிடமிருந்து எச்சரிக்கைக் கடிதம் வாங்கியதுண்டு. அது இரண்டாம் முறை வந்தால் வீட்டையே காலி செய்யச் சொல்லலாம்.

ஆகவே கூடம். உள்ளூர் சபை அலுவலகத்துக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள்: யார் நீங்கள், எத்தனை பேர், மாதத்தில் எந்த நாட்கள், எந்த மணிநேரம், சமையல் உண்டா, இசைக்கருவி உண்டா, பொறுப்பாளர் யார். போதகர் சரி என்று தலையாட்டினால் முடிந்துவிட்டதாக நினைக்காதீர்கள். தீர்மானிப்பது சபை மன்றம். அது மாதம் ஒருமுறை கூடும், ஆகஸ்டில் கூடாது. நாங்கள் மே மாதம் கொடுத்த கடிதத்துக்கு அக்டோபரில் சாவி கிடைத்தது. இந்த மாநிலத்துச் சபையில் பிற மொழிச் சபைகளைக் கவனிக்கத் தனிப் பொறுப்பாளர்களும் உண்டு; கடிதத்தின் நகலை அவர்களுக்கும் அனுப்புங்கள்.

கையெழுத்திடும் ஒப்பந்தத்தில் மூன்று இடங்களைப் பாருங்கள். ஒன்று, ஹீட்டர் செலவு. எங்களுக்கு ஒரு ஞாயிறுக்கு 40 யூரோ, குளிர்காலத்தில் மேலும் 20. இரண்டு, சாவி. மின்னணுப் பூட்டுள்ள கட்டடத்தில் ஒரு சாவி தொலைந்தால் எல்லாப் பூட்டையும் மாற்றுகிற செலவை உங்கள் தலையில் கட்ட முடியும். சாவி இழப்பையும் சேர்த்துப் பார்க்கும் பொறுப்புக் காப்பீடு எடுங்கள். மூன்று, சமையலறை. ‘சூடாக்க மட்டும்’ என்று எழுதியிருந்தால் அதற்கு அர்த்தம் சூடாக்க மட்டும்தான்.

இது எங்களுக்குத் தெரியும். ஆனாலும் முதல் அறுவடைப் பண்டிகைக்கு ஊர் அசன விருந்தின் நினைப்பில் ஓர் அண்ணன் சாம்பாருக்குத் தாளித்தார். வற்றல் மிளகாய்ப் புகை கூரையை எட்டியதும் தீ எச்சரிக்கை மணி அலறியது. ஏழு நிமிடத்தில் தீயணைப்பு வண்டி வாசலில் நின்றது. வந்தவர்கள் சிரித்துக்கொண்டே போனார்கள், பில் மட்டும் மூன்று வாரம் கழித்து வந்தது. இன்றுவரை சாம்பார் வீட்டில் தாளித்துத்தான் வருகிறது.

கூடத்தைப் பார்த்துக்கொள்ளும் மெஸ்னர்தான் உங்கள் உண்மையான வீட்டுக்காரர். போதகருக்குக் கிறிஸ்மஸ் வாழ்த்து மறந்தாலும் மெஸ்னருக்கு மறக்காதீர்கள். நாற்காலிகளை அவர் வைத்திருந்த வரிசையில் திரும்ப வையுங்கள். போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டால் போதும். குப்பையை நான்காகப் பிரியுங்கள்: உணவுக் கழிவு, காகிதம், மஞ்சள் பை (பிளாஸ்டிக், உலோக உறைகளுக்கு), மற்றவை. வாழை இலை உணவுக் கழிவில் போகும், அலுமினியத் தாள் போகாது. மிஞ்சிய எண்ணெயைத் தொட்டியில் ஊற்ற வேண்டாம். முடியும் நேரம் ஒரு மணி என்றால் ஒரு மணிக்கு விளக்கு அணைந்திருக்க வேண்டும். நம் ஆசீர்வாத ஜெபம் தொடங்குகிற நேரமல்ல அது.

பாட்டு உரிமை: எழுதியவர் இறந்து 70 வருடம் தாண்டிய பழைய கீர்த்தனைகளுக்குப் பிரச்சினை இல்லை. புதிய பாடல் வரிகளைத் திரையில் காட்டுவதற்குத் தனி உரிமம் வேண்டும். கூடம் கொடுத்த சபையின் இசை உரிம ஒப்பந்தம் விருந்தாளிச் சபைக்கும் செல்லும் என்று நீங்களாக முடிவு செய்யாமல் கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

6. காணிக்கை யார் கணக்கில்?

ஆரம்பத்தில் எல்லாக் கூட்டத்திலும் ஒருவரின் சொந்த வங்கிக் கணக்கில்தான் காணிக்கை போகும். இரண்டு வருடம் அப்படி ஓட்டினோம். பிறகு எங்கள் பொருளாளரிடம் வரி அலுவலகம் ‘மாதா மாதம் பலரிடமிருந்து வரும் இந்தப் பணம் என்ன வருமானம்?’ என்று கேட்டது. அவர் மனைவி ஒரு மாதம் எங்களோடு பேசவில்லை. இருபது பேர் தாண்டும் முன்பே சங்கமாகப் பதிந்துவிடுங்கள்.

பதிவுபெற்ற சங்கத்துக்குத் தொடக்க உறுப்பினர் ஏழு பேர் வேண்டும். விதிமுறை ஆவணம், முதல் கூட்டத்தின் குறிப்பு, நிர்வாகிகளின் கையெழுத்துக்கு நோட்டரி சான்று, பிறகு நீதிமன்றத்தின் சங்கப் பதிவேடு. இந்த மாநிலத்தில் அந்தப் பதிவேடு ஷ்டுட்கார்ட், உல்ம், மன்ஹைம், ஃப்ரைபுர்க் ஆகிய நான்கு நீதிமன்றங்களில் மட்டும் இருக்கிறது. நோட்டரி, நீதிமன்றம் இரண்டுக்கும் சேர்த்து எங்களுக்கு நூறு யூரோவைச் சற்றுத் தாண்டியது. ஜனவரியில் தொடங்கி செப்டம்பரில் முடிந்தது.

வரிசைதான் முக்கியம். விதிமுறை வரைவை முதலில் வரி அலுவலகத்துக்கு அனுப்புங்கள். பொதுநல அமைப்பு என்ற தகுதிக்கு அது பொருந்துமா என்று பார்த்துச் சொல்வார்கள். அதற்குப் பிறகுதான் நோட்டரி. நாங்கள் தலைகீழாகச் செய்தோம். சங்கம் கலைந்தால் மிச்சப் பணம் திருநெல்வேலியில் உள்ள ஒரு சேகரத்துக்குப் போகும் என்று பாசத்தோடு எழுதியிருந்தோம். மிச்சம் இங்கு வரிச்சலுகை பெற்ற அமைப்புக்கோ பொதுச்சட்ட நிறுவனத்துக்கோதான் போக வேண்டும் என்று திருப்பி அனுப்பினார்கள். மறுபடி பொதுக்கூட்டம், மறுபடி நோட்டரி, மறுபடி கட்டணம். வரிச் சட்டத்தின் பிற்சேர்க்கையில் மாதிரி வாசகங்கள் இருக்கின்றன. அவற்றை அப்படியே எடுத்து எழுதுங்கள். இங்கே சொந்த நடை வேண்டாம்.

தகுதி கிடைத்ததும் காணிக்கைக்கு வரிக்கழிவுச் சான்று கொடுக்கலாம். 300 யூரோவரை வங்கி அறிக்கையே போதும். பையில் விழும் ரொக்கத்தை எப்போதும் இரண்டு பேர் எண்ணி, இரண்டு பேரும் கையெழுத்திடுங்கள். இது ஊரில் நம் கணக்கர்கள் செய்துவந்ததுதான். வெளிநாடு வந்ததும் ஏனோ ‘நமக்குள் என்ன’ என்று விட்டுவிடுகிறோம்.

7. ஊர் ஆலயத்துக்குப் பணம் அனுப்பும்போது

ஆலய மராமத்து, கன்வென்ஷன் (நற்செய்திக் கூட்டம்) பந்தல் என்று ஊரிலிருந்து அழைப்பு வரும். அனுப்புகிறவர் யார் என்பதைப் பொறுத்து சட்டம் மாறுகிறது.

நீங்கள் இந்தியக் குடியுரிமையோடு இருந்து, உங்கள் சொந்தச் சேமிப்பை வங்கி வழியாக அனுப்பினால் அது எஃப்.சி.ஆர்.ஏ. என்ற, வெளிநாட்டு நன்கொடைகளை ஒழுங்குபடுத்தும் இந்தியச் சட்டப்படி வெளிநாட்டுப் பங்களிப்பு அல்ல. ஜெர்மன் குடியுரிமை எடுத்தவர் அனுப்பினால், இந்திய வம்சாவளியினருக்கான ஓ.சி.ஐ. அட்டை இருந்தாலும், அது வெளிநாட்டுப் பங்களிப்பு. சங்கத்தின் கணக்கிலிருந்து போனாலும் அப்படியே. அந்தப் பணத்தை வாங்க ஊர் சபையிடம் எஃப்.சி.ஆர்.ஏ. பதிவோ முன் அனுமதியோ இருக்க வேண்டும்; பணம் முதலில் புதுடில்லியில் உள்ள பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளைக் கணக்கில்தான் இறங்க வேண்டும். சாதாரணக் கிளைக் கணக்கு எண்ணை வாட்ஸ்அப்பில் அனுப்பி ‘இதில் போட்டுவிடுங்கள் தம்பி’ என்று சேகரக் கமிட்டியார் கேட்டால் பணிவாக மறுத்துவிடுங்கள். சிக்கிக்கொள்வது அவர்கள்தான். உறவினர் கணக்கில் போட்டு ஆலயத்துக்குக் கொடுக்கச் சொல்வதும் வேண்டாம். பதிவு பெற்றிருக்கிறதா என்று பேராயத்து அலுவலகத்தில் கேட்டால் ஒரே நாளில் தெரிந்துவிடும்.

சங்கப் பணம் போனால் செலவுக் கணக்கும் ரசீதும் இங்கே வரி அலுவலகத்துக்குக் காட்டும்படி இருக்க வேண்டும். ‘பெற்றுக்கொண்டோம், ஸ்தோத்திரம்’ என்ற கடிதம் ரசீது ஆகாது.

8. ஊரிலிருந்து பிரசங்கியாரை அழைப்பது

ஷெங்கன் விசா (ஜெர்மனி உள்ளிட்ட ஐரோப்பிய நாடுகளுக்கான குறுகிய கால விசா): 180 நாட்களில் 90 நாள். கட்டணம் 2024 ஜூன்முதல் 90 யூரோ, விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. பயணக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு. ஆறு மாதத்துக்கு முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். சட்டப்படி 15 நாளில் முடிவு என்றாலும், கோடையில் விண்ணப்ப மையத்தில் நேரம் கிடைப்பதே கஷ்டம். ஜூலைக் கூட்டத்துக்கு பிப்ரவரியில் தொடங்குங்கள்.

செலவை இங்குள்ளவர் ஏற்பதானால் வெளிநாட்டவர் அலுவலகத்தில் பொறுப்பேற்பு உறுதிமொழி கொடுக்கச் சொல்வார்கள். 29 யூரோ, மூன்று மாதச் சம்பளச் சீட்டு. இதை மரியாதைக்கான கையெழுத்தாக நினைக்க வேண்டாம். விருந்தாளி இங்கே நோயில் விழுந்து காப்பீடு கைவிட்டால், மருத்துவமனைச் செலவு உங்கள் வீட்டுக்கு வரும். வயதான பிரசங்கியார் என்றால் பழைய நோய்களையும் சேர்த்துப் பார்க்கும் காப்பீட்டைத் தேடுங்கள். வருகையின் நோக்கத்தை உள்ளபடி எழுதுங்கள். ‘சுற்றுலா’ என்று விண்ணப்பித்துவிட்டு விமான நிலையத்தில் பையிலிருந்து கன்வென்ஷன் நோட்டீஸ் விழுந்தால் விளக்கம் சொல்ல முடியாது.

9. பிறப்பு, திருமணம், மரணம்

குழந்தை பிறந்தால் ஒரு வாரத்துக்குள் குடிமைப் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். பெரும்பாலும் மருத்துவமனையே அனுப்பிவிடும், ஆனால் பெற்றோரின் பிறப்பு, திருமணச் சான்றிதழ்களும் மொழிபெயர்ப்பும் உங்கள் வேலை. குடும்பப் பெயர் எது என்று அங்கே கேட்பார்கள். கணவனும் மனைவியும் வாசலிலேயே விவாதிக்காமல் முன்பே தீர்மானித்துப் போங்கள்.

ஆலயத்தில் மட்டும் நடக்கும் திருமணம் இங்கே சட்டப்படி திருமணம் ஆகாது. முதலில் குடிமைப் பதிவு. திருமணத்துக்குத் தடையில்லை என்று சொந்த நாடு தரும் திருமணத் தகுதிச் சான்று இந்தியருக்குக் கிடைக்காது என்பதால் உயர் மண்டல நீதிமன்றத் தலைவரிடம் விலக்கு வாங்க வேண்டும். ஆவணச் சரிபார்ப்பும் அதனோடு சேரும். மண்டபம் பிடிப்பதற்கு ஒரு வருடம் முன்பே காகிதத்தைத் தொடங்குங்கள்.

மரணம். எங்கள் கூட்டத்தில் ஒருமுறை நடந்தது, எல்லோரும் திகைத்து நின்றோம். மருத்துவரின் சான்று வந்ததும் முதலில் அழைக்க வேண்டியது அடக்க நிறுவனத்தை. மூன்றாம் வேலை நாளுக்குள் குடிமைப் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிப்பதை அவர்களே பார்த்துக்கொள்வார்கள். உடலை ஊருக்கு அனுப்புவதானால் இறப்புச் சான்று, பதப்படுத்திய சான்று, துணைத் தூதரகத்தின் தடையில்லாச் சான்று, ரத்து செய்த பாஸ்போர்ட் எல்லாம் வேண்டும். இந்த மாநிலத்துக்கு மியூனிக்கில் உள்ள இந்தியத் துணைத் தூதரகம். கையில் பணமில்லாத குடும்பம் என்றால் இந்திய சமூக நலநிதி பற்றி அங்கேயே கேளுங்கள். இங்கே அடக்கம் செய்வதானால் கல்லறை சொந்தமாகாது, 20 அல்லது 25 வருடத்துக்கு வாடகை போல. அதை முன்கூட்டியே இறந்தவரின் குடும்பத்து அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல், ரசீதில் அவர் தாமாகப் படிக்கும்வரை நாங்கள் எல்லோரும் பேசாமல் இருந்தோம். நீங்கள் சொல்லிவிடுங்கள்.